லொறி டயரும் டீசல் செலவும்: மலையகச் சாரதிமார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டனில் டயர் கழற்றிப் பூட்டும் கடையில் நிற்பவனுக்கு வருகிற சந்தேகங்களில் முக்கால்வாசி ஒரே சந்தேகங்கள்தான். சக்கரம் கழன்று கிடக்கும் நேரத்தில், கையில் சாயத்தண்ணியோடு சாரதிமார் கேட்பவை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று, பிறகு கியூஆர் காட்டி அளந்து டீசல் வாங்கிய காலத்துக்கு அப்புறம் இவை இன்னும் கூடிவிட்டன. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் எல்ஃப், கெண்டர் மாதிரி ஆறு சக்கர லொறிகளை மனதில் வைத்து எழுதியவை. பெரிய வண்டிக்குப் பதில் மாறும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணே, மலை ரோட்டுல ஏறுறதுக்குத்தான் டீசல் போகுது. இதுல டயரால என்னத்த மிச்சம் புடிக்கிறது?

பாதி உண்மை. ஒரு தொன் எடையை ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏற்ற ஏறத்தாழ 0.8 லீற்றர் டீசல் வேண்டும். அவிசாவளை கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். சாமானோடு ஆறு தொன் வரும் லொறி ஒன்று அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஏற, ஏற்றத்துக்கு மட்டும் எட்டு ஒன்பது லீற்றர் கொடுத்தே ஆக வேண்டும். எந்த டயரும் எந்தச் சாரதியும் அதைக் குறைக்க முடியாது.

ஆனால் அதே பாதை ஏறத்தாழ 120 கிலோமீற்றர். அவ்வளவு தூரமும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அந்த வேலைக்கு இன்னொரு நான்கு ஐந்து லீற்றர் போகும். நல்ல டயருக்கும் மோசமான டயருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது, ஒரு பயணத்துக்கு ஒரு லீற்றரும் அதற்கு மேலும். அதோடு நின்று எடுப்பது, சும்மா ஓட விடுவது, பிரேக்கில் சூடாக்கிக் கொட்டுவது என்று வேறு ஓட்டைகளும் உண்டு. கீழே பேசுவதெல்லாம் அந்த ஓட்டைகளைப் பற்றித்தான். வண்டியில் சும்மா கிடக்கும் பலகை, சங்கிலி, பழைய ரிம் எல்லாவற்றுக்கும் மேலே சொன்ன தொன் கணக்கு பொருந்தும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காத்து எவ்வளவு அடிக்கணும்? ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க.

ஒரே எண் எல்லா லொறிக்கும் பொருந்தாது. டயரின் பக்கவாட்டில் அது தாங்கும் அதிகபட்ச எடையும் அதற்குரிய காற்றும் பொறித்திருக்கும். வண்டிக் கதவோரம் ஒட்டிய தகட்டில் கம்பனி சொன்ன அளவு இருக்கும். முழுச் சுமையோடு ஓடும் வண்டி என்றால் இந்த இரண்டையும் பார்த்து முடிவெடுங்கள், பக்கத்து வண்டிக்காரர் சொன்னதைக் கேட்டு அல்ல.

எல்லா டயரிலும் காற்று 10 பி.எஸ்.ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் டீசல் ஒரு சதவீதம் வரை கூடும். பார்க்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் வருடம் முழுக்க ஓடும் வண்டிக்கு அது சின்னதல்ல. டீசலை விடப் பெரிய நட்டம் டயருக்கு. இருக்க வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த டயரைக் காற்றுப்போன டயராகவே கணக்கெடுக்க வேண்டும். உள்ளே சூடேறி, ஒருநாள் கித்துல்கலைப் பக்கம் நார் நாராகப் பிய்ந்துகொண்டு நிற்கும்.

காற்றுப் பார்க்க வேண்டியது காலையில், வண்டி எடுக்குமுன். ஓடி வந்த டயரில் 10, 15 பி.எஸ்.ஐ கூடத்தான் காட்டும். அது இயல்பு. அதைப் பார்த்துவிட்டுக் காற்றைத் திறந்துவிடாதீர்கள்.

கம்பியால தட்டிப் பாத்தா சத்தத்துலயே தெரியுமே?

காற்றே இல்லாத டயர் தெரியும். 60க்கும் 80க்கும் உள்ள வித்தியாசம் எந்தக் காதுக்கும் தெரியாது, முப்பது வருடம் ஓடிய சாரதியின் காதுக்கும் தெரியாது. காற்று அளக்கும் நல்ல கேஜ் ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போடுங்கள். பின் இரட்டை டயரில் உள் டயர் வால்வுக்குக் கை போகாது என்பதற்காகவே நிறையப் பேர் அதைப் பார்ப்பதில்லை. வால்வுக்கு நீட்டல் குழாய் பூட்டினால் அந்தச் சாட்டும் போய்விடும்.

கொழும்புல காத்து அடிச்சிட்டு நுவரெலியா வந்தா கூடுமா, குறையுமா?

இரண்டும் நடக்கும், அதனால்தான் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். மேலே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. பஸ்ஸில் கொண்டுவரும் மிக்சர் பைக்கற் நானுஓயா வரும்போது உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரணத்தால் நுவரெலியாவில் கேஜ் 3 பி.எஸ்.ஐ அளவு கூடக் காட்டும். ஆனால் குளிர் அதை விடப் பலசாலி. 31 பாகையில் அடித்த காற்று விடியற்காலை 10 பாகைக்கு இறங்கும்போது சுருங்கிவிடும்.

இரண்டையும் கூட்டிக் கழித்தால், பேலியகொடையில் மத்தியானம் 100 அடித்த டயர் மறுநாள் காலை நுவரெலியாவில் 95 போலக் காட்டும். 80 அடித்தது 76, 77க்கு வரும். அதனால் மேலே இராத் தங்கும் வண்டிக்கு மேலேயே காலையில் பார்த்துச் சரிசெய்வது நல்லது. அப்படி அடித்துவிட்டுக் கொழும்பு வெயிலில் நாலைந்து கூடினால் பயப்பட வேண்டாம், நல்ல டயர் அதைத் தாங்கும்.

நைலோனா ரேடியலா? ரேடியல் விலை கூட, கல்லுக்குத் தாங்காதுன்னு சொல்றாங்க.

டீசலுக்கு ரேடியல்தான், சந்தேகமே இல்லை. நைலோன் டயரில் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன. டயர் நசுங்கும் ஒவ்வொரு தடவையும் அவை ஒன்றோடொன்று உரசிச் சூடாகின்றன. அந்தச் சூடு டீசலில் இருந்து வந்ததுதான். ரேடியலில் பக்கவாட்டு மட்டும் மடங்கும், தரையைத் தொடும் பகுதி தட்டையாகக் கிடக்கும். தேய்வும் குறைவு.

கல்லுக்குத் தாங்காது என்பதிலும் நியாயம் உண்டு. ரேடியலின் பக்கவாட்டு மெல்லியது, கூரான கல் அதைக் கிழிக்கும். தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. தேயிலை மலைக்கும் ஸ்டோருக்கும் (தேயிலைத் தொழிற்சாலைக்கும்) நடுவில் கொழுந்து ஏற்றிக்கொண்டு தோட்டத்து ரோட்டிலேயே கிடக்கும் லொறி என்றால் நைலோன் போட்டிருப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூன்று விஷயம் மட்டும் கவனம். ஒரே அக்ஸிலில் இரண்டையும் கலக்காதீர்கள். ரேடியலுக்கு ரேடியல் என்று குறித்த டியூபையே போடுங்கள். அப்புறம், ரேடியல் கீழே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். அதைப் பார்த்துக் காற்றுக் குறைவு என்று கூட அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கேஜ் சொல்வதை நம்புங்கள்.

கோடு கோடா இருக்கிற டயரா, கட்டை கட்டையா இருக்கிற டயரா?

நேர்ப்பள்ளம் ஓடும் ரிப் டயர் லேசாக உருளும், திருப்புவதற்கும் சொன்னபடி கேட்கும். கட்டை கட்டையாக எழுந்து நிற்கும் லக் டயர் சேற்றில் பிடிக்கும், ஆனால் தார் ரோட்டில் ஒவ்வொரு கட்டையும் வளைந்து நெளிந்து டீசலைத் தின்னும், சத்தமும் போடும். முன்னுக்கு எப்போதும் ரிப்தான். பின்னுக்கு எது என்பது வண்டி எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது.

தலவாக்கலையில் இருந்து கொழும்புக்குத் தேயிலைத் தூள் ஏற்றுகிற வண்டிக்கு லக் டயர் வீண் செலவு. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களுக்குள் மழைக்காலத்திலும் இறங்கி ஏற வேண்டிய வண்டிக்கு அது தேவை. இரண்டும் கலந்து ஓடுபவர்கள் நடுவில் கோடும் ஓரத்தில் கட்டையும் உள்ள டயரைப் பார்க்கலாம். சும்மா வண்டி முரட்டுத்தனமாகத் தெரிய வேண்டும் என்று லக் போடுபவர்களும் உண்டு. அது அவர்கள் காசு.

மொட்டை டயர்ல டீசல் குறையப் போகுமாமே, நெசமா?

நிஜம்தான். ரப்பர் மெலிந்தால் நசுங்கி நிமிரும் வேலை குறையும். ஒரே டயர் புதிதாக இருந்ததை விடத் தேய்ந்த பிறகு லேசாக உருளும். புது டயர் போட்ட மாதம் டீசல் கொஞ்சம் கூடினால் திகைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதற்காக மொட்டை டயரோடு ஓடுவதா? வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்தில் பாதி நாள் ரோட்டில் தண்ணீர் ஓடும். பள்ளம் இல்லாத டயருக்கு அந்தத் தண்ணீரை வெளியே தள்ள வழியில்லை. முன் டயரில் பள்ளம் 3 மில்லிமீற்றருக்குக் கீழே போக விடாதீர்கள். இதில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

ரீபில்ட் டயர் போட்டா டீசல் கூடுமா?

ரீபில்ட், அதாவது பழைய டயரின் கூட்டில் புது ரப்பர் ஒட்டியது, என்பதற்காக டீசல் கூடாது. மேலே ஒட்டிய ரப்பர் எப்படிப்பட்டது, கோடா கட்டையா என்பதைப் பொறுத்தே கூடும் குறையும். நல்ல ரேடியல் கூட்டில், நல்ல இடத்தில், கோடு போட்ட ரப்பர் ஒட்டியது மலிவான புது டயரை விட நன்றாக ஓடக்கூடும்.

எல்லாம் பழைய டயரின் கூட்டைப் பொறுத்தது. பக்கவாட்டில் வெடிப்பு, வீக்கம், பெரிய ஒட்டு, காற்றில்லாமல் ஓடிய அடையாளம் இருந்தால் ஒட்டக் கொடுக்க வேண்டாம். ஒட்டியதைப் பின்னுக்குப் போடுங்கள். முன்னுக்குப் போடச் சொன்னால் நான் பூட்டுவதில்லை. றம்பொடை வளைவில் முன் டயரின் தோல் உரிந்தால் ஸ்டியரிங் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜப்பான் பழைய டயர், பள்ளம் முழுசா இருக்கு, வாங்கலாமா?

பள்ளத்தைப் பார்க்குமுன் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்கள்தான் அது. 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. அந்த எண் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், அதனால் டயரைப் புரட்டிப் பாருங்கள். ரப்பர் கிடப்பிலேயே இறுகிப்போகும், பள்ளம் முழுசாக இருந்தாலும் ஈரத்தில் பிடிக்காது. பள்ளத்தின் அடியில் மயிர் போல வெடிப்புத் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

பின்னுக்கு இரட்டை டயர்ல ஒண்ணு வெடிச்சிருச்சு. ஒண்ணு மட்டும் புதுசு போட்டா என்ன?

உயரமான புது டயரும் தேய்ந்த பழைய டயரும் ஒரே வேகத்தில்தான் சுற்ற வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே ஹப்பில் பூட்டியவை. சுற்றளவு வேறு என்பதால் ஒன்று ரோட்டில் இழுபட்டுக்கொண்டே போகும். அந்த இழுபடலுக்கும் டீசல்தான். சுமையும் பெரும்பாலும் உயரமான டயரிலேயே விழும்.

சின்ன லொறி டயர்களில் இரண்டின் விட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 6 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். 10.00-20 மாதிரிப் பெரிய டயர்களில் 12 வரை பரவாயில்லை. அதற்குள் வருகிற பழைய டயர் ஒன்றைத் தேடிச் சோடி சேருங்கள். வித்தியாசம் இருந்தே தீரும் என்றால் சின்னதை உள்ளுக்குப் போடுங்கள். ரோடு நடுவில் மேடாக இருப்பதால் உள் டயருக்கு எப்படியும் பாரம் கூட. இரண்டு டயருக்கும் நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்று இறங்கும்போதெல்லாம் ஒரு பார்வை பாருங்கள்.

7.00க்குப் பதிலா 7.50 போட்டேன். மைலேஜ் குறைஞ்சிருச்சு. ஏன்?

குறைந்திருக்கலாம், குறைந்ததாகக் காட்டவும் செய்யலாம். 7.50-16 டயர் 7.00-16ஐ விட ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் உயரம். ஒரு சுற்றில் 4 சதவீதம் கூடுதல் தூரம் போகும், ஆனால் தூரம் காட்டும் மீற்றருக்கு அது தெரியாது. நீங்கள் 104 கிலோமீற்றர் ஓடினால் அது 100 என்றே காட்டும். அந்த 4 சதவீதத்தைக் கூட்டிப் பாருங்கள்.

கூட்டியும் குறைவாக இருந்தால், டயர் உயர்ந்ததால் கியர் எல்லாம் அரைப்படி உயர்ந்த மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம். மூன்றாம் கியரில் ஏறிய இடத்தில் இப்போது இரண்டுக்கு இறங்க வேண்டியிருக்கும். தம்புள்ளைச் சமதரையில் அது லாபம், நம்ம பக்கத்தில் நட்டம். ரிம் அகலம் சரியா, ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது டயர் எங்கும் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

எலைன்மென்ட் பாக்கச் சொல்றீங்க. வண்டி நேராத்தானே போகுது?

நேராகப் போகும், ஆனால் எலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பிழைத்தால் இரண்டு முன் டயரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகும். முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து வெளியில் இருந்து உள்ளே தடவுங்கள், பிறகு உள்ளே இருந்து வெளியே. ஒரு பக்கம் வழுவழு, மறுபக்கம் அரம் மாதிரிக் கையைக் கீறினால் டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது என்று அர்த்தம். இரண்டு நிமிட வேலை, காசும் இல்லை. பள்ளத்தில் பலமாக விழுந்தால், முன் சக்கரம் திரும்ப உதவும் கிங்பின்னை மாற்றினால், புது முன் டயர் போட்டால் எலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.

ஏத்தத்துல எந்த கியர்ல போனா டீசல் மிச்சம்?

எஞ்சின் திணறாத கியர்களில் உயர்ந்தது எதுவோ அது. பெடலை அடிவரை மிதித்தும் வேகம் இறங்கிக்கொண்டே போகிறது, வண்டி அதிர்கிறது, பின்னால் கறுப்புப் புகை எழுகிறது என்றால் கியர் அதிகம். உடனே ஒன்று இறக்குங்கள். வேகம் செத்த பிறகு இரண்டு கியர் இறக்குவதை விட, இருக்கும்போதே ஒன்று இறக்குவது மலிவு. அதே நேரம் எஞ்சின் கத்தக் கத்த இரண்டாம் கியரிலேயே கிடப்பதும் வீண். ஆர்.பி.எம். மீற்றரில் பச்சைப் பட்டி இருந்தால் அதற்குள் வைத்திருங்கள்.

முன்னால் பஸ் ஏறிக்கொண்டிருந்தால் அதன் முதுகில் ஒட்டாதீர்கள். அது ஒவ்வொரு தரிப்பிலும் நிற்கும், நீங்களும் நிற்க வேண்டி வரும். ஆறு தொன் வண்டி முழுதாக நின்று சமதரையில் மறுபடி 40க்கு வர ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் டீசல். முப்பது தடவை நின்றால் ஒரு லீற்றர். ஏற்றத்தில் எடுக்கும்போது கிளட்ச் தேய்வது அதற்கு மேல். கொஞ்சம் இடம் விட்டு, அது நின்று கிளம்பும் வரை உருண்டுகொண்டே வந்தால் பாதித் தடவை நிற்க வேண்டியிருக்காது.

இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசலே போகாதுதானே? பழைய ஆளுங்க எல்லாம் அப்படித்தான் ஓட்டுனாங்க.

இது உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கணக்கிலேயே இது பிழை. கியரில் வைத்துப் பெடலில் இருந்து காலை எடுத்தால் சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது, பம்ப் டீசலை நிறுத்திவிடும். புது கொமன் ரெயில் எஞ்சினும் அப்படித்தான், பழைய பம்பில் டீசலை அளந்துவிடும் கவர்னரும் அப்படித்தான். நியூட்ரலில் விட்டால் எஞ்சினை யாரும் சுழற்றுவதில்லை, நின்றுவிடாமல் இருக்க அது தானே டீசல் குடிக்கும். ஆக, மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவழிக்கிறீர்கள்.

எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்குபவர்கள் இன்னும் மோசம். பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக்குக்கு உதவும் வெக்கியூமோ (வெற்றிட அழுத்தமோ) காற்றோ சில மிதியில் தீர்ந்துவிடும். அப்புறம் வெறும் காலால் ஆறு தொன்னை நிறுத்த வேண்டும்.

நியூட்ரலில் வண்டி முழுப் பாரமும் பிரேக்கின் மேல்தான். பிரேக் ட்ரம் சூடேறி விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. ஓடுகிற வேகத்தில் மறுபடி கியருக்குப் போடவும் முடியாது. அதனால் கினிகத்தேனை, றம்பொடை, கடுகண்ணாவை, பெரகலை எதுவானாலும் இறக்கம் தொடங்குமுன் கியரை இறக்குங்கள். அதே இடத்தை எந்தக் கியரில் ஏறுவீர்களோ அது, சுமை கூட என்றால் அதற்கும் ஒன்று கீழே. பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டே வராமல், கொஞ்சம் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விடுங்கள். ட்ரம் ஆறட்டும்.

இறக்கத்தில் மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் மாதிரி இறங்கி ஏறும் இடங்களில், எதிர்ப்பக்கம் தெளிவாகத் தெரிந்தால், பள்ளத்தின் அடிக்கு வரும்போது பிரேக்கை விட்டு, அந்த வேகத்தோடு அடுத்த ஏற்றத்தில் ஏறுங்கள். கியரில் இருந்தபடியே.

எக்ஸோஸ்ட் பிரேக் போட்டா டீசல் கூடப் போகுமா?

போகாது. புகைக்குழாயை அடைத்து எஞ்சினை இறுக்குவதுதான் அதன் வேலை, அந்த நேரம் டீசல் போவதில்லை. பிரேக் லைனிங்கும் மிச்சம். கிளட்சை மிதித்தாலோ நியூட்ரலில் விட்டாலோ அது வேலை செய்யாது. சின்னக் கியரில், எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான் நன்றாகப் பிடிக்கும்.

கீழ நல்லாத்தான் ஓடுது. நுவரெலியா வந்தா மட்டும் கறுப்புப் புகை.

டேர்போ (எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத பழைய எஞ்சினாக இருக்கும். 1,868 மீற்றரில் காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஆறில் ஒரு பங்கு குறைவு. பம்ப் அதே அளவு டீசலைத்தான் அனுப்புகிறது, எரிக்கக் காற்றுப் போதாது. அந்தக் கறுப்பு, காசு கொடுத்து வாங்கி எரியாமல் போன டீசல். நானுஓயா தாண்டிய பிறகு பெடலை முழுதாக மிதிப்பதில் பயனில்லை. முக்கால் மிதியில், ஒரு கியர் குறைத்துப் போனாலும் அதே வேகத்தில் ஏறும், புகையும் குறையும். எயார் ஃபில்டர் அடைத்திருந்தால் இந்தப் பிரச்சினை இரட்டிப்பாகும், முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

காலைல குளிருக்கு அரை மணித்தியாலம் ஸ்டார்ட்ல வச்சாத்தான் எஞ்சின் சூடாகும்.

ஓடினால்தான் சூடாகும். நின்ற இடத்தில் ஓடும் டீசல் எஞ்சின் லேசில் சூடேறாது. ஒயில் மேலே ஏற ஒன்றிரண்டு நிமிடம் போதும். காற்றுப் பிரேக் வண்டி என்றால் காற்று நிரம்பும் வரை பொறுங்கள். பிறகு மெதுவாகக் கிளம்பி முதல் சில கிலோமீற்றரை அமைதியாக ஓட்டுங்கள். சின்ன லொறி சும்மா நின்றால் மணிக்கு ஒரு லீற்றர் அளவிலும், பெரிய வண்டி இரண்டு மூன்று லீற்றரும் குடிக்கும். சாமான் இறக்கும்போது நிறுத்திவிடுங்கள். பலமாக ஏறி வந்த டேர்போ எஞ்சினை மட்டும் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள்.

மரக்கறி விடியுமுன்னே பேலியகொடைக்குப் போகணும். மெதுவா ஓட எங்க நேரம்?

நியாயமான கேள்வி. வளைவுக்கு வளைவு மிதித்து, பிடித்து ஓட்டினால் அவிசாவளைக்கு இருபது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேரலாம், உண்மைதான். அந்த இருபது நிமிடத்துக்கு டீசலும் பிரேக்கும் டயரும் கொடுக்கிறீர்கள். முடிந்தால் ஏற்றுகிற இடத்தில் அதைப் பிடியுங்கள். லீக்ஸ் கட்டு வரும்வரை காத்திருந்து, அந்தத் தாமதத்தை ரோட்டில் ஈடுகட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

படங்கு கட்டுறதுக்கும் டீசலுக்கும் சம்பந்தம் இருக்கா?

மலையில் 30, 40இல் போகும்போது இல்லை. மாத்தளை தாண்டித் தம்புள்ளைப் பக்கம் வேகம் எடுத்தால் உண்டு. 60இல் இருந்து 80க்குக் கூட்டினால் காற்றுத் தடை முக்கால் பங்குக்கு மேல் கூடும். அங்கே படபடவென்று அடிக்கும் படங்கை இழுத்துக் கட்டுவதும், 60 அளவில் ஓட்டுவதும், எந்த டயரை விடவும் மலிவான வழி.

நைட்ரஜன் அடிச்சா, தாங்கிக்குள்ள மாத்திரை போட்டா, பைப்புல காந்தம் பூட்டுனா?

சாதாரணக் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஒழுங்காகக் காற்றுப் பார்க்கும் வண்டிக்கு அதனால் டீசல் மிச்சமில்லை. மற்ற இரண்டுக்கும் காசு போடாதீர்கள். மண்ணெண்ணெய் கலப்பவர்களுக்கு ஒன்று: டீசலில் உள்ள வழுவழுப்புத்தான் பம்பைக் காப்பாற்றுகிறது.

மிச்சமாகுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

டீசல் முள்ளைப் பார்த்து அல்ல. ஒரே செட்டில் (எரிபொருள் நிரப்பும் நிலையத்தில்), ஒரே பம்பில், வண்டியை ஒரே பக்கமாக நிறுத்தி நிரப்புங்கள். நம்ம ஊர் செட்டுகள் பல சரிவில் இருக்கின்றன. வண்டி சாய்ந்து நின்றால் தாங்கி நிரம்பும் அளவு மாறும். போய்த் திரும்பி வந்து அதே இடத்தில் நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லீற்றரால் பிரியுங்கள். 300 கிலோமீற்றருக்கு 50 லீற்றர் என்றால் லீற்றருக்கு 6.

இறங்கும் பயணத்தை மட்டும் எடுத்தால் வண்டி பொன்னாகத் தெரியும், ஏறும் பயணத்தை மட்டும் எடுத்தால் விற்றுவிடத் தோன்றும். சுமையையும் மழையையும் கொப்பியில் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். ஒரு பயணத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மொதலாளி டயருக்குக் காசு தர மாட்டேங்கிறாரு. எத மொதல்ல செய்யணும்?

கேஜும் வால்வ் மூடியும் முதலாளியைக் கேட்காமலே வாங்கலாம். அடுத்தது எலைன்மென்ட், அதன் செலவு ஒரு டயர் விலையில் சின்னப் பங்குதான். டயர் மாற்றும் நாள் வரும்போது முன் இரண்டையும் ரேடியல் ரிப்பாக மாற்றிவிட்டு, பின்னுக்கு நாலையும் ஒன்றாகச் சேர்த்து மாற்றக் காசு சேருங்கள். மேலே சொன்ன கொப்பியைக் காட்டிப் பேசினால் முதலாளிமார் கொஞ்சம் இளகுவார்கள்.

எல்லாம் செஞ்சாச்சு. இன்னும் டீசல் கூடத்தான் போகுது. என்னவா இருக்கும்?

பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் அதிகம் தேவைப்படாத சமதரையில் கொஞ்சத் தூரம் ஓடி நிறுத்தி, புறங்கையை ஒவ்வொரு ஹப்பின் பக்கத்திலும் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் ஷூ விடவில்லை. ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் உறுதியாகிவிடும்.

அடுத்தது கிளட்ச். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் கூடுகிறது, வண்டி வேகம் கூடவில்லை என்றால் வழுக்குகிறது. பிறகு எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் நுவரெலியாக் குளிரில் எஞ்சின் ஒருபோதும் சூடேறாது, வெப்ப முள் நாள் முழுக்கக் கீழேயே கிடக்கும், டீசல் சரியாக எரியாது. சூடேறாத எஞ்சின் நல்லது என்று நினைத்து அதைக் கழற்றிப் போட்டே ஓடுபவர்களும் இருக்கிறார்கள். மிஞ்சும் டீசலைத் தாங்கிக்குத் திருப்பும் ரிட்டர்ன் பைப் கசிகிறதா என்று இரவில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பாருங்கள்.

இத்தனையும் சரி என்றால் தாங்கி மூடிக்குப் பூட்டுப் போட்டு ஒரு மாதக் கணக்கைப் பாருங்கள். சாரதியைச் சந்தேகிக்குமுன், இரவில் வண்டி நிற்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள்.